எலுமிச்சம்பழம் எங்க கண்ணு?

ஏங்கண்ணு, வீட்டுல ஜின்னு கலக்கறதுக்குன்னே ஒரு பட்டறை போட்டுட்டியாமே? செம்புக் குலுக்கி ஒண்ணு. முறுக்குக் கம்பி வெச்ச மொழ நீளக் கரண்டி ஒண்ணு. ரெண்டு பக்கமும் வாயிருக்கற அளவுக் குப்பி ஒண்ணு. எலை புடிக்க ஒரு இடுக்கி, பொகை ஊத ஒரு துப்பாக்கி. பொட்டி பொட்டியா வந்து எறங்குச்சுன்னு உன்ற அப்பத்தா சொல்லுச்சு. சந்தோசம். எலுமிச்சம்பழம் எங்க கண்ணு?

இல்ல பாத்தியா. அதை மட்டும் மறந்துபோட்டே.

இந்தக் கெழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்கறே. நெனைச்சுக்கோ. நீலகிரி மேல ஒரு தோட்டத் தொரைக கிளப்புல, பார் மேசைக்கு உள்பக்கம் நின்னவன் நான். மிச்சம் மீதி இருந்த வெள்ளைக்காரத் தொரைக குடிச்சதையும் பாத்தேன். அவிய கப்பலேறிப் போன பொறகு நம்மாளுக அதைவிடத் தொரையாக் குடிச்சதையும் பாத்தேன். நான் குடிச்சேனா இல்லியான்னு மட்டும் கேக்காதே. சமையக்காரன் உப்புப் பாக்காமச் சட்டிய எறக்குவானா?

சரி, ஜின்னுன்னா என்ன? நீ பேசறதைக் கேட்டா என்னமோ கைலாசத்துத் தீர்த்தமுன்னு தோணுது. நெறமும் இல்லாம வாசமும் இல்லாமக் காச்சுன வெறுஞ்சாராயம். அதுல ஜூனிப்பர்ங்கற செடியோட காயைப் போட்டு வாசம் ஏத்தறான். அதுக்கு அடுத்தாப்புல அவன் எதைப் போடறான் தெரியுமா? கொத்தமல்லி வெதை. உங்கம்மா ரசப்பொடிக்கு வறுக்கறாளே, அதேதான். அப்பறம் ஏஞ்செலிக்கான்னு ஒரு வேரு, எலுமிச்சைத் தோலு, ஆரஞ்சுத் தோலு. சில கம்பெனிக்காரன் ஏலக்காயும் பட்டையும்கூடச் சேப்பான். பாட்டிலு மேல இத்தனை மூலிகைன்னு பொன்னெழுத்துல போட்டிருக்கான்னு வாயப் பொளக்கறியே, அதுல பாதி உங்கூட்டு அஞ்சறைப்பொட்டியில கெடக்குது. எட்டிப் பாத்ததில்ல போல.

லண்டன்ல முந்நூறு வருசத்துக்கு முன்னால இது ஏழைபாழைக சரக்கு. நெம்ப மலிவு. தெருவே தள்ளாடுச்சு. 1736-ல ஒரு சட்டம் போட்டாங்க, பலிக்கல. 1751-ல இன்னொண்ணு போட்டாங்க. அதே வருசம் ஹோகார்த்துன்னு ஒரு ஓவியரு 'ஜின் லேன்'னு ஒரு படம் போட்டாரு. குடிவெறியில கெடக்கற தாயி கையில இருந்து கொழந்தை நழுவி உளுகுது, அவளுக்குத் தெரியவேயில்ல. ஜின்னு வேண்டாமுன்னு சொல்ல வந்த படம் அது. நீ அதைச் சட்டம் போட்டு உன்ற பார் அலமாரிக்கு மேல அழகுக்கு மாட்டினாலும் மாட்டுவே.

அப்பறம் அந்த ஜின் அண்ட் டானிக். "தாத்தா, இது காச்சலுக்கு மருந்து"ன்னு எங்கிட்டயே கதை விட்டே பாரு, அதைத்தான் தாங்க முடியல. எங்கிட்டயா?

டானிக்குல இருக்கற கொயினாங்கறது சின்கோனா மரத்துப் பட்டையில இருந்து எடுக்கற கசப்பு. மலைக்காச்சலுக்கு அப்ப அதை விட்டா வேற மருந்தில்ல. மரமோ தென்னமெரிக்கா மலையில மட்டும் இருந்துது. 1860 வாக்குல கிளெமென்ட்ஸ் மார்க்கம்னு ஒருத்தரு அங்க போயி வெதையும் நாத்தும் சேத்துக் கொண்டாந்தாரு. எங்க நட்டாங்க? நம்ம நீலகிரியில. தொட்டபெட்டாப் பக்கமும் நடுவட்டத்துலயும் தோப்புத் தோப்பா போட்டாங்க. ஊட்டிச் சர்க்காரு தோட்டத்தைப் பாத்துக்கிட்டிருந்த மெக்ஐவர்தான் அதையும் பாத்துக்கிட்டாரு. மலேயாப் பக்கமிருந்து கொண்டாந்த சீனாக்காரக் கைதிகளை வெச்சு அதுல வேலை வாங்குனாங்க. நடுவட்டத்துல கொயினா பேக்டரியே ஓடுச்சு. நீ கூடலூரு போற வழியில காரை நிறுத்தி டீ குடிச்சு செல்பி எடுத்தியே, அந்த ஊருதான். மருந்து மரம் அங்க நின்னுக்கிட்டிருந்தது உனக்குத் தெரியல, லண்டன் டானிக்கு மட்டும் தெரியுது.

அந்தக் கசப்பு தொண்டையில எறங்கோணுமில்ல? சக்கரையைச் சேத்தாங்க, சோடாவைச் சேத்தாங்க. 1858-ல லண்டன்ல எராஸ்மஸ் பாண்டுங்கறவரு டானிக் தண்ணிக்குப் பேடண்டே வாங்கிட்டாரு. ஜின்னை ஊத்திக்கிட்டது தொரைக சொந்தப் புத்தி. மருந்துன்னு சொல்லிட்டாப் பொண்டாட்டியும் கேள்வி கேக்க மாட்டாளே!

இப்ப உன்ற டானிக்குக்கு வருவோம். அமெரிக்காவுல சட்டப்படி ஒரு லிட்டருல 83 மில்லிகிராமுக்கு மேல கொயினா இருக்கக் கூடாது. மலேரியாவுக்குப் பழைய வைத்தியத்துல ஒரு நாளைக்கு ரெண்டு கிராம் பக்கம் குடுப்பாங்க. வகுத்துப் பாரு, நீதான் இஞ்சினியரு. இருவது லிட்டருக்கு மேல வருதா? அத்தனை டானிக்குக்கும் ஜின்னையும் ஊத்திக்கிட்டீன்னா காச்சலு வர்றதுக்கு முந்தியே உன்னைத் தூக்கிட்டுப் போயிருவாங்க. ஒரு கொசுவலை என்ன வெலைன்னு விசாரிச்சியா?

மருந்தில்லீன்னா என்ன, ருசி இருக்குது. அதைக் கெடுக்காம இரு, போதும். டம்ளரு நெறைய ஐஸ் போடு. நெறையன்னா வாய் வரைக்கும். சிக்கனம் புடிச்சு ரெண்டு கட்டிய மெதக்க விட்டீன்னா அது சடுதியில கரைஞ்சு சாறெல்லாம் தண்ணியாயிரும். கூட்டமாக் கெடந்தாத்தான் ஐஸ் ஒண்ணையொண்ணு காப்பாத்தும். 60 மில்லி ஜின்னு, 120-ல இருந்து 150 மில்லி வரைக்கும் டானிக்கு. டானிக்கும் குளுந்திருக்கோணும். சின்ன பாட்டிலா வாங்கு, பெரிய பாட்டிலைத் தொறந்து வெச்சு அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் ஓட்டாதே. ஊத்துனதும் கரண்டியால ஒரு சுத்து. ஒரே சுத்து. கேஸை வெளிய தொரத்தறதுக்கா காசு குடுத்து வாங்குனே?

ஸ்பெயின் நாட்டுல இதைப் பெரிய பலூன் கிளாசுல ஊத்துவாங்க. நல்ல பழக்கந்தான், ஐஸ் நெறையப் புடிக்கும், வாசம் மேல நிக்கும். ஆனா நீ அதுக்குள்ள ரோசாப்பூ, வெள்ளரிக்கா, மொளகு, துளசி, பட்டை, காஞ்ச ஆரஞ்சு எல்லாத்தையும் அடைச்சு வெச்சிருக்கறே. வாயி எந்தப் பக்கம் நொழையும் கண்ணு?

எலுமிச்சைக்கு வர்றேன். புஸ்தகத்துப் படத்துல பெருசா மஞ்சளா ஒரு பழம் இருக்குதுன்னு, அதைத் தேடி மாலு மாலா அலையறியாமே? நம்ம நாட்டு எலுமிச்சை கையில வெச்சாலே மணக்குது. புளிப்பு கூரா இருக்கும். எச்சாப் போச்சுன்னா பாகைச் சித்தெக் கூட்டு. அவ்வளவுதான் சாமி ரகசியம். குடிக்கறப்பப் புழி. காத்தாலயே புழிஞ்சு டப்பாவுல அடைச்சு வெச்சு ராத்திரி ஊத்தாதே.

பாகைச் சொன்னதும் நாபகம் வருது. சக்கரைத் தண்ணியச் சீசாவுல அடைச்சு இங்கிலீசுல பேரெழுதி விக்கறான். நீ அதையும் வாங்கறே! ஒரு டம்ளரு சக்கரை, ஒரு டம்ளரு சுடுதண்ணி. கலக்கு. ஆற வை. பிரிட்ஜுல வெய்யி. இதுக்குமா கடைக்காரனுக்குப் படியளக்கோணும்?

கிம்லெட்டுன்னு ஒண்ணு. கப்பல்ல மாசக்கணக்காப் போறவனுக்கு ஈறு அழுகிப் பல்லு உளுகற நோவு வரும். எலுமிச்சை, ஆரஞ்சு குடுத்தா அது தேறுதுன்னு ஜேம்ஸ் லிண்டுங்கற கப்பல் டாக்டரு 1747-ல சோதிச்சே பாத்தாரு. சாறு கப்பல்ல கெடாம இருக்கோணுமே? 1867-ல லாக்லன் ரோஸுங்கற ஸ்காட்லாந்துக்காரரு சாராயம் கலக்காமச் சக்கரையிலயே அதைக் காபந்து பண்றதுக்குப் பேடண்டு வாங்குனாரு. மாலுமிக்கு வந்த மருந்துல ஆபீசருக ஜின்னை ஊத்திக்கிட்டாங்க. இங்கயும் அதே கதைதான் பாத்தியா? நடுக்கடல்ல பழத்துக்கு வழியில்லாதவன் பாட்டிலைத் தொறந்தான். வாசல்ல பழம் விக்கற ஊருல இருந்துக்கிட்டு நீ எதுக்குடா அந்தச் சீசாவுக்கு ஆன்லைன்ல தவங்கெடக்கறே?

பச்சைச் சாறை மட்டும் ஊத்துனா அந்தப் பழைய ருசி வராதுங்கறதும் நெசந்தான், மறைக்க மாட்டேன். அதுக்கு வழி இருக்குது. நாலஞ்சு பழத்தோட பச்சைத் தோலை வெள்ளை படாமச் சீவு. சக்கரையில பெசறி ராத்திரி பூரா மூடி வெய்யி. தோலுல இருக்கற எண்ணெய் சக்கரையில எறங்கிரும். காத்தால அதுல சாறைப் புழிஞ்சு கரைச்சு வடிகட்டு. 60 மில்லி ஜின்னுக்கு இது 20 மில்லி. ஐஸ் போட்டுக் குலுக்கி வடிச்சுக் குடி. பழைய ஓட்டல் புஸ்தகத்துல பாதிக்குப் பாதின்னு போட்டிருக்கும். அது கப்பக்காரன் கணக்கு, உனக்கு ஆகாது.

டாம் காலின்ஸுன்னு மெனு அட்டையில பாத்துட்டு யாரோ பெரிய மனுசன் போலன்னு நெனைச்சே. ஆளே கெடையாது கண்ணு! 1874-ல நியூயார்க்குல ஒரு வெளையாட்டு ஓடுச்சு. "உன்னைப் பத்தி டாம் காலின்ஸுன்னு ஒருத்தன் அடுத்த கடையில கண்டபடி பேசறான்"னு ஒருத்தன்கிட்டச் சொல்ல வேண்டியது. அவன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு... சரி, அவன் ஊருல கால்சட்டைதான்... அந்தக் கடைக்கு ஓடுவான். அங்கிருக்கறவன் "இப்பத்தான் அந்தக் கடைக்குப் போனான்"னு இன்னொரு எடத்தைக் காட்டுவான். பேப்பருக்காரனும் சேந்துக்கிட்டான். ரெண்டு வருசங் கழிச்சு வந்த ஜெர்ரி தாமஸ் புஸ்தகத்துல அந்தப் பேருல ஒரு பானமே இருக்குது. 60 மில்லி ஜின்னு, 30 மில்லி எலுமிச்சைச் சாறு, 15 மில்லி பாகு, மேல சோடா. பேரை எடுத்துப்போட்டுப் பாரு. சித்தரை வெயில்ல பொட்டிக்கடையில குடிக்கற எலுமிச்சைச் சோடாவுல ஜின்னு உளுந்திருக்குது. அதுக்கு நீ ஒறம்பரைக்காரங்க முன்னால அரைமணி நேரம் பிரசங்கம் பண்றே.

மார்ட்டினிக்கு வா. அங்கதான் உன்ற அலப்பறை எல்லை மீறுது.

வெர்மூத்தை அத்தரு அடிக்கற குப்பியில ஊத்திக் கிளாசு மேல ஒரு புஸ்ஸு. "அவ்வளவுதான் தாத்தா, ட்ரை"ன்னே. அப்ப நீ குடிக்கறது வெறும் ஜின்னு. அதை வெறும் ஜின்னுன்னே சொல்லிட்டுப் போலாமில்ல? 1930-ல ஹாரி கிராடக்குங்கற கைதேர்ந்த ஆளு சவாய் ஓட்டலுக்குப் போட்ட புஸ்தகத்துல ட்ரை மார்ட்டினிக்கு ரெண்டு பங்கு ஜின்னு, ஒரு பங்கு வெர்மூத்து. அது உனக்கு எச்சுன்னா அஞ்சுக்கு ஒண்ணு வெச்சுக்கோ. 60-க்கு 12. அதுக்கும் கீழ போறவனெல்லாம் ருசிக்குப் போறவன் இல்ல, பேச்சுக்குப் போறவன்.

உனக்கு வெர்மூத்து புடிக்காததுக்குக் காரணம் நான் சொல்லட்டுமா? அலமாரியில ஒரு பாட்டிலு தூசி படிஞ்சு நிக்குதே, எப்பத் தொறந்தே? போன தீவாளிக்கா? அது சாராயமில்ல கண்ணு, மூலிகை போட்ட ஒயினு. மூடிய தொறந்தா அதுக்கு ஆயுசு கொறைய ஆரம்பிச்சுரும். பிரிட்ஜுல வெச்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல தீத்துரோணும். புளிச்சுப்போனதை ஊத்திக் குடிச்சுப்போட்டு வெர்மூத்தைத் திட்டறியே, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

அந்தத் துப்பறியற சினிமாக்காரன் குலுக்கச் சொன்னான்னு நீயும் குலுக்கறே. அவன் கேட்டது பெரும்பாலும் வோட்கா. ஜின்னும் வோட்காவும் சேத்துக் குலுக்குன ஒண்ணு 1953-ல வந்த மொதல் கதையில வருது, அதுல போட்ட கினா லில்லேங்கற ஒயினையே இப்ப யாரும் பண்றதில்ல. விட்டுத்தள்ளு. துப்பாக்கி வெச்சிருக்கறவன் சொன்னா பார்க்காரன் தட்டுவானா? உனக்கு எதுக்கு? சாறு, முட்டை, பாலேடு இருந்தாக் குலுக்கு. வெறும் சாராயமும் ஒயினும்னா கலக்கு. குலுக்குனாக் காத்து ஏறிக் கலங்கிப்போகும், ஐஸ் நொறுங்கி மேல மெதக்கும். கலக்குனாத் தெளிவா இருக்கும். இதுக்கு மேல இதுல தத்துவம் எதுவுமில்ல.

கலக்கறது எதுக்கு? குளுரறதுக்கு மட்டுமின்னு நெனைக்கறே. தண்ணி சேரறதுக்கு! நல்ல மார்ட்டினியில கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு ஐஸ் உருகுன தண்ணி. காசில்லாத சரக்கு, அதனால எந்தக் கம்பெனிக்காரனும் அதைப் பத்தி உங்கிட்டச் சொல்ல மாட்டான். நீ ஜின்னை ப்ரீசருல வெச்சு நேரா கிளாசுல கவுத்தறே. அது உறையவும் உறையாது, 42.8 சதம் சாராயமாச்சே. நெம்பக் குளுந்துதான் இருக்கும். ஆனாத் தண்ணியே சேரல, தொண்டையப் புடிக்குது. புடிக்கறதுதான் கெத்துன்னு நீ முழுங்கறே. முப்பது எண்ணற வரைக்கும் ஐஸோட கலக்கு, ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாரு, பத்தலீன்னா இன்னம் பத்து எண்ணு. நாக்கு உங்கிட்டத்தானே இருக்குது? அதுக்கும் ஆப்பு எறக்கோணுமா?

ஐஸைப் பத்தி இன்னொண்ணு சொல்லோணும். கண்ணாடியாட்டத் தெளிவா ஒரே கட்டியா செய்யறதுக்கு அச்சு வாங்கி வெச்சிருக்கறே. பெரிய கட்டி மெதுவாக் கரையும், வாஸ்தவம். ஆனா உன்ற ப்ரீசருல ஐஸுக்குப் பக்கத்துல என்ன கெடக்குது? நெய்மீனு. மூடாமக் கெடக்குது. அந்த வாசம் ஐஸுல ஏறாதா? வெளிநாட்டு ஜூனிப்பரு வாசத்தைக் காசு குடுத்து வாங்கிப்போட்டு மீனு வாசத்துல கரைக்கறியே! ஐஸுக்கு ஒரு மூடி போட்ட டப்பா வாங்கு. பொகைத் துப்பாக்கிக் காசுல பத்து டப்பா வாங்கலாம்.

எங்க கிளப்புல அதிகம் போனது பிங்க் ஜின்னு. வயிறு சொகமில்லீன்னு வர்ற தொரைகதான் அதை எச்சாக் கேப்பாங்க. அங்கோஸ்ட்டுரான்னு ஒரு கசப்புச் சாறு, 1824-ல ஜீகர்ட்டுங்கற ஜெர்மன் டாக்டரு வெனிசுவேலாவுல இருந்துக்கிட்டு வயித்துக்குன்னு செஞ்சது. பாட்டிலை விடக் காயிதம் பெருசா ஒட்டியிருக்கும், பாத்திருப்பே. அதுல நாலு சொட்டுக் கிளாசுல உட்டுச் சுத்தி, உள்ளயா வெளியயான்னு கேப்போம். உள்ளேன்னா அப்படியே ஜின்னை ஊத்துவோம், வெளியேன்னாச் சொட்டைக் கொட்டிப்போட்டு ஊத்துவோம். குலுக்கல் இல்ல, பூவு இல்ல. தொரை ரெண்டு நிமிசத்துல குடிச்சுப்போட்டு மழை வந்துச்சா, எலை வெலை என்னன்னு பேசப் போயிருவாரு.

உங்கூட்டுக்கு வந்த ஒறம்பரைக நெலமை அப்படியா? ஆளுக்கு ஒரு நெக்ரோனி கலக்கறேன்னு நீ உள்ள போனே. மொதல் ஆளு குடிச்சு முடிச்சப்பறமும் ஆறாவது ஆளுக்கு வரல. அந்தப் பையன் மிக்சரைத் தின்னே வயித்த ரொப்பிட்டான். இத்தனைக்கும் அது எல்லாத்துலயும் லேசான கலவை. 1919-ல இத்தாலியில ப்ளோரன்ஸ் ஊருல கமில்லோ நெக்ரோனின்னு ஒரு ஜமீன்தாரு, தான் குடிக்கற அமெரிக்கானோங்கற கலவையில சோடா வேண்டாம், ஜின்னை ஊத்துன்னாராம். ஜின்னு, காம்பாரி, சிவப்பு வெர்மூத்து, மூணும் சமம். 30, 30, 30. பத்துப் பேருக்குன்னா ஒவ்வொண்ணும் 300 மில்லி. அதுல 200 மில்லி நல்ல தண்ணியும் ஊத்தி ஒரு சீசாவுல அடைச்சு மத்தியானமே பிரிட்ஜுல வெச்சுரு. சாயங்காலம் ஐஸ் மேல ஊத்து, ஆரஞ்சுத் தோலைக் கிள்ளிப் போடு. நீயும் வந்து ஒக்காந்து பேசலாம். ஆனா அப்படிப் பண்ணுனா நீ கலக்கறதை யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்களே!

அந்தக் காம்பாரிச் சிவப்பைப் பாத்து என்னமோ மாணிக்கம்னு சொல்லுச்சாமே உன்ற கூட்டாளிப் புள்ளை, சுத்த சைவம்? 2006 வரைக்கும் அந்தச் சாயம் ஒரு பூச்சியக் காயவெச்சு எடுத்தது. இப்ப இல்ல. அம்முணிகிட்டச் சொல்லாதே, பாவம்.

தேனு போட்ட பீஸ் நீஸையும் நீ விடல. அமெரிக்காவுல 1920-ல மதுவிலக்கு வந்துது, 1933 வரைக்கும் இருந்துது. நம்ம சேலத்துலயும் 1937-ல ராஜாஜி கடையைச் சாத்துனாரு. கடையச் சாத்துனாக் குடிக்கறவன் நிறுத்திருவானா? அமெரிக்காவுல திருட்டுத்தனமாக் காச்சுன ஜின்னு வாய்ல வெக்க முடியாத நாத்தம். தேனும் எலுமிச்சையும் ஊத்தி அந்த நாத்தத்தை மறைச்சான். நீ என்ன பண்றே? ஊருலயே வெலை ஒசந்த ஜின்னை வாங்கறே. அதுமேல தேனை ஊத்தி மறைக்கறே. மலிவு பாட்டிலே போதுமேடா இதுக்கு!

கடைசியா நீ புடிச்சிருக்கறது ரேமோஸ் ஜின் ஃபிஸ்ஸு. 1888-ல நியூ ஆர்லியன்ஸ்ல ஹென்றி ரேமோஸ் கண்டுபுடிச்சது. ஜின்னு, எலுமிச்சை, பாகு, முட்டை வெள்ளை, பாலேடு, ஆரஞ்சுப்பூத் தண்ணி, மேல சோடா. நொரை கிளாசுக்கு மேல எந்திரிச்சு நிக்கோணும். அதுக்குப் பன்னெண்டு நிமிசம் குலுக்கோணும்ங்கறது பேச்சு. ரேமோஸா குலுக்குனாரு? குலுக்கறதுக்குன்னே பசங்களைச் சம்பளத்துக்கு வரிசையா நிறுத்தி வெச்சிருந்தாரு. ஒருத்தன் கை ஓஞ்சா அடுத்தவன் வாங்கிக்குவான். 1915-ல மார்டி கிராஸ் திருநாளுக்கு 35 பேரை நிறுத்துனாராம். உனக்கு யாரு இருக்கறா? உங்கொப்பனையும் என்னையும் வரிசையில நிறுத்தப் போறியா? முட்டை வெள்ளையை ஐஸ் இல்லாம மொதல்ல ஒரு நிமிசம் குலுக்கு, பொறகு ஐஸ் போட்டு ஒரு நிமிசம் குலுக்கு. நொரை வந்துரும். முட்டை மட்டும் அன்னைக்கு இட்டதா இருக்கட்டும்.

குலுக்கி முடிச்சதும் அந்தச் செம்பு மூடி தொறக்காது. குளுருல இறுகிப் புடிச்சுக்கும். நீ சுவத்துல இடிக்கறே, தொடையிடுக்குல வெச்சுத் திருகறே, உன்ற அப்பத்தாளைக் கொறடு கேக்கறே. ரெண்டு பாத்தரமும் ஒட்டற எடத்துக்குப் பக்கத்துல உள்ளங்கையால பக்கவாட்டுல ஒரு தட்டுத் தட்டு. தொறந்துக்கும். சுவத்துப் பக்கம் மட்டும் போகாதே, உங்கொப்பன் இப்பத்தான் வெள்ளையடிச்சிருக்கறான்.